நட்டு நிறுத்துவதா, கட்டி நிறுத்துவதா: பழைய சிறு படகின் பாய்மரம் பற்றி ஓர் ஆய்வு

கேள்வியின் வயது

பாய்மரம் எங்கே முறியும் என்ற கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய விடைகளுள் ஒன்று மதுரைக்காஞ்சியில் இருக்கிறது. மதங்கொண்டு கட்டுத்தறியை முறித்துத் திரியும் யானைக்கு உவமையாக, புயலில் சிக்கிய நாவாய் ஒன்றைப் புலவர் காட்டுகிறார். இறுகக் கட்டிய வலிய கயிறு அறுகிறது, பாய் கிழிகிறது, மரம் அடியில் முறிகிறது. நடுவிலோ உச்சியிலோ முறிவதாக அவர் சொல்லவில்லை. புறநானூற்றின் 30ஆம் பாடல், பாய்மரத்தையும் பாயையும் களையாமலேயே பெருங்கலங்கள் புகக்கூடிய ஆழமான துறை என்று புகாரைப் புகழ்கிறது. மற்றத் துறைகளில் பாய்மரம் களையப்பட்டது என்றே இதிலிருந்து ஊகிக்கலாம். ஆக, காற்றைத் தாங்கும்படி உறுதியாக நிற்க வேண்டும், வேண்டும்போது கழற்றவும் வர வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகள் அந்தக் காலத்திலிருந்தே பாய்மரத்தின் மேல் சுமத்தப்பட்டுள்ளன. இவை ஒன்றோடொன்று எளிதில் ஒத்துப்போவதில்லை.

இன்று இந்தக் கேள்வி பழைய சிறு படகுகளை வைத்திருப்போர் முன் நிற்கிறது. மலேசியாவின் தம்போய்க்குத் தெற்கே, ஸ்கூடாய் ஆறு கலக்கும் ஜொகூர் நீரிணையின் மேற்குப் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் 1924இல் திறக்கப்பட்ட, சிங்கப்பூருக்குச் செல்லும் தரைப்பாலம் நீர்வழியை அடைத்து நிற்கிறது. மறுபுறம் 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தின் உயரம், அதன் அடியில் போகும் பாய்மரத்துக்கு வரம்பு கட்டுகிறது. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை, ஆண்டு முழுவதும் புழுக்கம், ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து பெரும்பாலும் விடியலுக்கு முன் பாயும் திடீர்க் காற்றுவரிசைகள் ஆகியவை இங்குள்ள நிலைமைகள். பாய்மரம் பற்றிய கைநூல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் துறைகளின் அனுபவத்திலிருந்து எழுதப்பட்டவை. அவற்றின் அறிவுரைகளில் எவை இந்த நீருக்குப் பொருந்தும் என்று தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை தரப்பட்ட விடைகள் பெரும்பாலும் மரத்தைப் பற்றியே பேசியிருக்கின்றன: எந்த மரம், எவ்வளவு பருமன், எத்தனை கம்பி என்று. கிடைக்கும் சான்றுகளை ஒருசேரப் பார்த்தால் பழைய படகில் முதலில் தோற்பது மரம் அல்ல என்று தோன்றுகிறது. மரத்தின் சுமை படகின் உடலுக்குள் இறங்கும் சந்திகளே பெரும்பாலும் முதலில் தோற்கின்றன. அந்தச் சந்திகளைத் திறந்து பார்க்க முடிகிற பழுதுபார்ப்பே நிலைக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நட்டு நிறுத்தும் மரபு

மிக எளிய விடை, பக்கத்தில் எந்தக் கயிறும் இல்லாமல் மரத்தைப் படகுக்குள் நட்டுவிடுவது. மலாய்க் கரையோரத்துக் கோலேக் போன்ற சிறு படகுகளில், குறுக்குப் பலகையில் உள்ள துளை வழியே மரத்தை இறக்கி அடியிலுள்ள குழியில் அமர்த்துவது பொதுவான முறை. சீனக் கலங்கள் பலவும் இவ்வழியில் வந்தவையே. மேற்கில் இம்முறைக்குப் புதுவாழ்வு தந்தவர்களுள் ஒருவர் பிளாண்டி ஹாஸ்லர். 1960இல் அட்லாண்டிக்கைத் தனியாளாகக் கடக்கும் முதல் போட்டியில், அவருடைய ‘ஜெஸ்டர்’ என்ற சிறு படகு சீனப் பாயோடும் கம்பியில்லாத மரத்தோடும் கடலைக் கடந்தது. பயிற்சிச் சங்கங்களில் காணப்படும் ஆப்டிமிஸ்ட், லேசர் படகுகளும் இதே குடும்பம். அவற்றின் மரம் கம்பியின்றிக் குழியில் நிற்கிறது.

இம்முறையின் பலம் இரண்டு. முதலாவது, உறுப்புகள் குறைவு என்பதால் தோற்கக்கூடிய இடங்களும் குறைவு. இரண்டாவது, திடீர்க் காற்றில் மரத்தின் உச்சி வளைந்து கொடுத்துக் காற்றை ஓரளவு வழியவிடுகிறது. சுமத்ராக் காற்று வீசும் நீரில் இது சிறிய நன்மை அல்ல. பலவீனமோ ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. கம்பியில்லாத மரத்தில் வளைவின் அழுத்தம் முழுவதும் மேல்தளத் துளையருகே உச்சத்தை அடைகிறது. உருண்டை மரத்தின் வளைவைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப்படி மாறுவதால், அந்த இடத்தில் விட்டம் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே பலத்தில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். உரசல், மழைநீர்த் தேக்கம், உளுப்பு ஆகிய மூன்றும் கூடுகிற இடமும் அதுதான்.

பைபர் கிளாஸ் படகிலும் இதே கதை வேறு வடிவில் வருகிறது. பழைய லேசரில் பெரும்பாலும் சந்தேகத்துக்குரிய பகுதி, மரம் இறங்கும் குழாயின் அடி. அந்தக் குழாயில் நீரை நிரப்பிவிட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பது பரவலாகச் செய்யப்படும் சோதனை. நீர் இறங்கினால், குழாய் படகின் அடித்தளத்தோடு ஒட்டிய பிடிப்பு விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் எவ்வளவு புதிய மரத்தை வாங்கி நட்டாலும் பயன் இல்லை. ஆப்டிமிஸ்டில் இன்னொரு பாடம் உண்டு: படகு கவிழ்ந்தால் மரம் குழியிலிருந்து நழுவி வெளியே வரும், வருகிற வேகத்தில் குறுக்குப் பலகையை உடைத்தும் விடலாம். அதனால் மரத்தைத் தனியே ஒரு கயிற்றாலோ கவ்வியாலோ கீழோடு பிணைப்பது அவசியமாகிறது. நட்டு நிறுத்தியதையும் கட்ட வேண்டியிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

கட்டி நிறுத்தும் மரபு

இரண்டாவது விடை, மெல்லிய மரத்தை நிறுத்திப் பக்கங்களிலும் முன்னும் பின்னும் கயிறோ கம்பியோ கொண்டு இழுத்துக் கட்டுவது. மேற்கத்தியக் கப்பல் மரபின் பெரும்பகுதி இது. தமிழ்க் கரைகளும் இதை அறியும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளின் கையில் 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையை அடைந்தது. தெற்காசியச் சிறுதுறை ஒன்றின் மரவேலையும் கயிற்றுவேலையும் பெருங்கடலைத் தாங்கும் என்பதற்கு அந்தப் பயணம் நல்ல சான்று. ஆனால் கயிறு நெகிழும், தினமும் இறுக்கப்படும், தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். அதே முறையை உலோகக் கம்பிக்கு மாற்றியபோது சுமையும் கூடியது, சேதம் கண்ணுக்கு மறையவும் செய்தது.

சுமையின் கணக்கு எளிது. பக்கக் கம்பி மரத்தோடு 10 பாகைச் சாய்வில் நின்றால், பாய் தரும் பக்கவாட்டு விசையைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு இழுவிசை கம்பியில் ஏறும். கிட்டத்தட்ட அதே அளவு விசை மரத்தைக் கீழ்நோக்கி அழுத்தும். எனவே கட்டி நிறுத்திய மரம் வளைவைவிட அமுக்கத்தையே அதிகம் சந்திக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் லியோனார்ட் ஆய்லர் வகுத்த விதிப்படி, மெல்லிய தூணின் தாங்கலற்ற நீளம் பாதியானால் அது நொடியத் தேவைப்படும் சுமை நான்கு மடங்காகும். இடையில் குறுக்குக் கைகளும் கீழ்ப் பக்கக் கம்பிகளும் சேர்ப்பதன் காரணம் இதுதான். ஆனால் அந்தக் குறுக்குக் கை ஒன்று கழன்றால் நான்கு மடங்குப் பலமும் நொடியில் கைவிட்டுப் போகும். ஒரு சிறு ஆணி, அதைப் பூட்டும் கம்பித்துண்டு ஆகியவற்றின் மேல் முழு மரமும் நிற்பது இம்முறையின் நிலையான பலவீனம்.

தென்கிழக்காசியா மூன்றாவது விடையையும் தந்திருக்கிறது. போரோபுதூர்க் கோயிலின் கப்பல் சிற்பங்களில் இரண்டு மூன்று கால்கள் கொண்ட பாய்மரங்களைக் காணலாம். அகன்று நிற்கும் கால்களே ஒன்றையொன்று தாங்குவதால் பக்கக் கயிற்றின் தேவை வெகுவாகக் குறைகிறது. இச்சிற்பங்களை மாதிரியாக வைத்துக் கட்டிய ‘சமுத்ர ரக்ஷா’ 2003இல் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டு 2004இல் கானாவின் அக்ராவை அடைந்தது. இருக்கிற படகை மாற்றியமைக்க இது உகந்த வழியல்ல. ஒரே புள்ளியில் சுமையைக் குவிக்காமல் பரப்பினால் சந்தி நெடுநாள் நிற்கும் என்ற கொள்கையை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அடி எங்கே நிற்க வேண்டும்

மரத்தின் அடி, படகின் முதுகெலும்பான ஏராக்கட்டை வரை இறங்க வேண்டும் என்பது ஒரு கட்சி. மேல்தளத்தின் மேலேயே அமரட்டும் என்பது மறுகட்சி. முதல் கட்சிக்கு இரண்டு நல்ல காரணங்கள் உண்டு: துளையும் குழியும் சேர்ந்து மரத்தை இரண்டு இடத்தில் பிடிப்பதால் விறைப்பு அதிகம், மேலே முறிந்தாலும் ஒரு குட்டை மரம் மிஞ்சி, தற்காலிகப் பாய் கட்டிக் கரை சேர உதவலாம். இதற்கு மாறாக, மழைநீர் மரத்தோடு வழிந்து துளை வழியே உள்ளே இறங்கிக் குழியில் தேங்குகிறது. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சை, ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பொதுவாக வளர்வதில்லை. ஜொகூரின் புழுக்கத்தில் மூடிய குழி அந்த அளவுக்குத் தானாக உலர்வது கடினம். உப்புநீரைவிட நன்னீரே மரத்தை விரைவில் மக்கச் செய்யும் என்பதால், இங்கே கடலைவிட மழையே பெரும் எதிரி. அலுமினிய மரத்துக்கும் விதிவிலக்கு இல்லை. அடித்தட்டில் தேங்கிய உப்புநீரில் நிற்கும் அதன் கால் உள்ளிருந்து வெண்பொடியாக அரிக்கப்படும்.

மேல்தளத்தில் அமரும் மரம் இந்தத் தேக்கத்திலிருந்து தப்புகிறது. கீல் வைத்தால் சாய்த்து இறக்கவும் வரும். பாலங்களுக்கு இடையே வாழும் படகுக்கும், ஆள் குறைந்த இடத்தில் பழுதுபார்க்கும் படகுக்கும் இது பெரிய வசதி. ஆனால் மேலே சொன்ன ஆறு மடங்கு அமுக்கம் இப்போது மேல்தளத்தின் மேல் விழுகிறது. அதை ஏராக்கட்டைக்குக் கடத்தும் தூணோ உத்திரமோ கீழே இருந்தாக வேண்டும். பழைய பைபர் கிளாஸ் படகுகளில் தளத்தின் இரு தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்திருப்பார்கள். திருகாணித் துளை வழியே நீர் கசிந்து அந்த நடுப்பகுதி கூழானால் தளம் குழிகிறது, கம்பிகள் தளர்கின்றன. கம்பி தளர்ந்தது என்று இறுக்குபவர் அமுக்கத்தைக் கூட்டி நோயை வளர்க்கிறார். இறுக்கிய கம்பி மறுபடி மறுபடி தளர்ந்தால் கம்பியை விட்டுவிட்டு அடியைப் பார்க்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் முடிவு.

மரத்தைச் செப்பனிடுதல்

மரத்தாலான பாய்மரத்தில் உளுத்த பகுதியை வெட்டிப் புதுத்துண்டு சேர்க்கும் முறையில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நீண்ட சாய்வெட்டு இணைப்பே ஏற்கப்பட்டது. சாய்வு ஒன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு. அதாவது 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு இணைப்பின் நீளம் 1 முதல் 1.2 மீட்டர். அந்த இணைப்பு, துளையருகே உள்ள அழுத்த உச்சத்திலிருந்து விலகி அமைவது நல்லது. மரத் தேர்வில் மேற்கத்திய நூல்கள் சிட்கா ஸ்ப்ரூஸைச் சொல்லும். இப்பகுதியில் பிந்தாங்கூர் மரம் பாய்மரத்துக்குப் பயன்பட்டு வந்தது; அது நம் புன்னையின் இனம். மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப்புன்னையும் ஒருகாலத்தில் கப்பல் பாய்மரங்களுக்காகவே வெட்டப்பட்டது. ஸ்ப்ரூஸைவிட இவை பொதுவாக எடை கூடியவை. உயரத்தில் கூடும் எடை படகின் நிலைத்தன்மையைக் குறைக்கும் என்பதால் உள்ளூர் மரம் என்ற ஒரே காரணத்துக்காக இவற்றைப் பரிந்துரைக்க முடியாது. வெட்டிய துண்டின் எடையைப் பழைய மரத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

வேறுபாடு பசையில் தொடங்குகிறது. ரிசார்சினால் பசை வெயிலையும் கொதிநீரையும் தாங்கும். ஆனால் இணைப்பு இடைவெளியின்றிப் பொருந்தி, நல்ல அழுத்தத்தில் இறுக்கப்பட வேண்டும். எபாக்ஸி இடைவெளியை நிரப்பும், குறைந்த அழுத்தமே போதும். ஆனால் சாதாரண வெப்பத்தில் இறுகும் வகைகள் பல, 50 முதல் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். நிலநடுக்கோட்டு வெயிலில் கரும்பூச்சு பூசிய மரத்தின் மேற்பரப்பு அந்த அளவை எட்டக்கூடும். எனவே எபாக்ஸியைத் தேர்ந்தவர் மரத்துக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறம் பூசுவதே பாதுகாப்பு. வார்னிஷின் கீழே உளுப்பு கறுத்துத் தெரியும், வர்ணம் அதை மறைக்கும் என்ற எதிர்வாதம் நியாயமானது. அதற்கு இணைப்பிலும் துளையருகிலும் தட்டிப் பார்க்கும் வழக்கமே ஈடு.

அலுமினியத்தில் கேள்வி வேறு: பற்றவைப்பதா, உள்ளே குழாய் செருகி ரிவெட் அடிப்பதா? தம்போய் போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில் வெல்டிங் பட்டறை தேடி அலைய வேண்டியதில்லை என்பதால் முதல் வழி கவர்ச்சியானது. ஆனால் பாய்மரத்துக்குப் பயன்படும் கலவைகள் வெப்பப் பதனத்தால் பலம் பெற்றவை. பற்றவைக்கும் சூட்டில் இணைப்பை ஒட்டிய பகுதி அந்தப் பலத்தில் கணிசமான பங்கை இழக்கிறது. பொருத்தமான உள்குழாயைச் செருகி, இணைப்பின் இருபுறமும் நீளமாகப் பரப்பி ரிவெட் அடிப்பது அந்தச் சூட்டைத் தவிர்க்கிறது. வேறு உலோக ரிவெட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே காப்புப் பசை பூசாவிட்டால், உப்புநீரில் இரு உலோகங்களும் மின்கலமாகிப் பழுதுபார்த்த இடமே புதிய பழுதாகும்.

கம்பியும் பிடிப்பட்டையும்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை முழுமையானதல்ல. காற்று படும் வரை அதன் மேல்படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்; காற்றுப் படாத ஈர இடுக்கில் படலம் அழிந்து வெடிப்பு தொடங்கும். கம்பியின் கீழ்முனையை அழுத்திப் பூட்டிய குழல், கம்பியைப் படகின் உடலோடு பிணைக்க மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் பிடிப்பட்டை ஆகிய இரண்டும் அப்படிப்பட்ட இடுக்குகளே. வெப்பநாட்டுக் கடலில் இத்தகைய முனைகள் குளிர்நாட்டைவிடச் சீக்கிரம் வெடிக்கின்றன என்பது கம்பிவேலை செய்வோரிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

இதற்கு மூன்று விடைகள் உள்ளன. பத்து முதல் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கம்பியையும் மாற்று என்பது காப்பீட்டாளர்களும் தொழில்முறையினரும் சார்ந்திருக்கும் விதி. துருவைத் தானே காட்டிக்கொடுக்கும் கால்வனைஸ் கம்பியைப் போடு என்பது இரண்டாவது. 1962இல் ‘ஜோஷுவா’ படகைத் தந்திக் கம்பங்களைப் பாய்மரமாக்கி, கால்வனைஸ் கம்பியில் கட்டிய பெர்னார் மொய்த்தெசியே இந்தப் பள்ளியின் புகழ்பெற்ற உதாரணம். டைனீமா போன்ற செயற்கை இழையை, பழைய கயிற்று மரபைப் போலப் பின்னியும் பிணைத்தும் இறுக்கு என்பது மூன்றாவது. அது எடை குறைவு, கையாலேயே பழுதுபார்க்கலாம். தொடர்ந்த சுமையில் மெல்ல நீள்வதும் வெயிலில் நலிவதும் அதன் குறைகள். மூன்றில் எதுவும் பிடிப்பட்டையைக் காப்பாற்றாது. தளத்துக்குள் மறைந்த பட்டையைக் கழற்றி, துடைத்து, துளையருகே கீறல் உண்டா என்று பார்க்காமல் புதுக்கம்பி கட்டுவது முழுமையான வேலை ஆகாது.

மறுப்புகளும் விடைகளும்

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, பழைய படகின் சந்திகளைப் பிரித்துச் சரிசெய்யும் செலவில் வேறு படகே வாங்கிவிடலாம் என்பது. படகின் அடித்தளமே போயிருந்தால் இது சரி. ஆனால் பெரும்பாலான சந்திப் பழுதுகளில் பொருளைவிட உழைப்பே அதிகம் தேவைப்படுகிறது. பிரித்துப் பார்க்காமல் வாங்கும் இன்னொரு பழைய படகும் அதே நோயோடு வரக்கூடும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: சந்திகளை மட்டும் பலப்படுத்தினால் சுமை அடுத்த பலவீனத்தைத் தேடிப் போகும், புதிய பட்டை பழைய பலகையைப் பிய்த்துக்கொண்டு வரலாம். இதை மறுக்க முடியாது. அதனால்தான் சந்தியை விறைப்பாக்குவதைவிடச் சுமையைப் பரப்புவது முக்கியம். பிடிப்பட்டையின் பின்னால் அகன்ற தாங்குபலகை, அடிக்குழியின் கீழே பல வங்குக்கால்களை (படகின் விலாக்கட்டைகளை) தழுவும் நீண்ட கட்டை, துளையைச் சுற்றிச் சமமாக அடித்த ஆப்புகள் ஆகியவை இந்த நோக்கில் அமைந்தவை. கழற்றி மாற்ற எளிதான, விலை குறைந்த உறுப்பே முதலில் தோற்கும்படி அமைப்பதும் விவேகமானது.

மூன்றாவது மறுப்பு, அடிக்கடி பிரித்துப் பார்ப்பதே திருகாணித் துளைகளைத் தளர்த்தி நீரை உள்ளே விடும் என்பது. மரத்தில் நேரடியாகத் திருகிய ஆணிகளுக்கு இது உண்மை. துளையை அகலப்படுத்தி எபாக்ஸியால் நிரப்பி, மறுபடி துளைத்து, ஊடுருவும் போல்ட் போட்டால் இந்தக் குறை வெகுவாக நீங்கும். எனவே இம்மறுப்பு பிரிக்கக் கூடாது என்பதை நிறுவவில்லை. பிரிக்கத் தக்கபடி முதலிலேயே கட்ட வேண்டும் என்பதையே நிறுவுகிறது.

முடிந்தவையும் முடியாதவையும்

சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். நட்டதோ கட்டியதோ, மரமோ அலுமினியமோ, பழைய சிறு படகின் பாய்மரம் நீரும் சுமையும் ஒன்றாகச் சந்திக்கும் இடத்தில்தான் முதலில் தோற்கும். அந்த இடங்கள் நான்கு: அடிக்குழி, மேல்தளத் துளை, பிடிப்பட்டை, கம்பியின் கீழ்முனை. பழுதுபார்ப்பு இங்கிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். ஈரம் காயாத ஜொகூர் போன்ற இடத்தில், குழிக்கு நீர் வடியும் வழியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மரத்தைக் கழற்றிப் பார்க்கும் வழக்கமும் எந்தப் பொருள் தேர்வையும்விட அதிகப் பயன் தரும் என்று கருத இடமுண்டு.

மற்றவை திறந்தே இருக்கின்றன. கம்பியின் ஆயுளை ஆண்டுகளால் அளப்பதா, அது கண்ட சுமையின் சுழற்சிகளால் அளப்பதா என்ற விவாதம் தீரவில்லை. வாரம் ஒருமுறை ஓடும் படகுக்கும் துறையிலேயே நின்று மழை வாங்கும் படகுக்கும் ஒரே ஆண்டுக்கணக்கு பொருந்துவது ஐயத்துக்குரியது. செயற்கை இழை நிலநடுக்கோட்டு வெயிலில் இருபது முப்பது ஆண்டுகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும். கம்பிகட்டி வடிவமைத்த பழைய படகை நட்டு நிறுத்தும் முறைக்கு மாற்றலாமா என்பதும் படகுக்குப் படகு மாறும் விடை. அடிக்குழியும் மேல்தளமும் புதிய வளைவுச் சுமையைத் தாங்கும் என்று கணக்கிட்டுக் காட்டாத வரை, அந்த மாற்றத்தைத் தவிர்த்து, வடிவமைத்த முறையிலேயே சந்திகளைப் புதுப்பிப்பதுதான் இன்றைய அறிவுக்கு எட்டிய நிதானமான வழி.